புகைக்குள் கைகொடுக்கும் டார்ச்லைட் எது?

சென்ற இதழில் தீயணைப்பு உடுப்பு, தலைக்கவசம், மூச்சுக்கருவி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு டார்ச்லைட்டுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தேன். "நல்லதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு கேட்கின்றன: நல்லது என்றால் எது? நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையின் அவசரகாலக் குழுவில் இருந்தவன் நான், அந்த வரியை அப்படி விட்டிருக்கக் கூடாது. இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: துவாஸில் சாயப்பொருள் கிடங்கில் வேலை செய்கிறேன். தின்னர், டொலுவீன், அசிட்டோன் பீப்பாய்கள் நிறைய உண்டு. எங்கள் செர்ட் குழுவில், அதாவது நிறுவனத்தின் அவசரகாலக் குழுவில், 12 பேர். புது டார்ச்லைட் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். விற்பனையாளர் ஒருவர் 3,000 லூமென் என்று ஒன்றைக் கொண்டுவந்து அறை முழுக்கப் பகலாக்கிக் காட்டினார், மேலாளருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் உறுத்தல் சரியானது. மேலாளரிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

உங்கள் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை லூமென் என்பதை இல்லை, எந்தச் சான்றிதழ் என்பதை. தின்னர் பீப்பாய் ஒன்று சாய்ந்து ஒழுகினாலே கிடங்கின் ஒரு மூலையில் ஆவி தேங்கிவிடும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து நாம் நினைக்காத இடத்துக்கெல்லாம் போகும். அதற்குள் உங்கள் ஆள் டார்ச்லைட்டைத் தட்டும்போது சுவிட்சுக்குள் எழும் சின்னப் பொறியே போதும். சாதாரண டார்ச்லைட்டில் அந்தப் பொறியைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. 'இன்ட்ரின்சிகலி சேஃப்' என்று சொல்லும் வகையில் மின்சுற்றுக்குள் ஓடும் ஆற்றலையே கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள், பழுது ஏற்பட்டாலும் ஆவியைப் பற்ற வைக்கும் அளவுக்குப் பொறியோ சூடோ வராது. 'எக்ஸ்ப்ளோஷன் புரூஃப்' என்பது வேறு: உள்ளே வெடித்தாலும் அந்தத் தீ வெளியே வராதபடி கனமான கூடு போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும் விற்பனையாளரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். 'ஹெவி டியூட்டி', 'இண்டஸ்ட்ரியல்' என்ற சொற்களுக்கோ இந்த விஷயத்தில் எந்த மதிப்பும் கிடையாது.

டார்ச்லைட்டின் உடம்பில் ஒரு குறி பொறித்திருக்கும். ஐரோப்பாவின் ஏடெக்ஸ், உலக அளவிலான ஐஇசிஇஎக்ஸ், அமெரிக்காவின் யூஎல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதோடு 'எக்ஸ் ஐஏ ஐஐசி டி4' என்பது மாதிரி எழுத்துகள் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், படிக்கப் பழகினால் எளிது. 'ஐஏ' என்றால் ஜோன் 0 வரைக்கும், அதாவது எரியும் ஆவி எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கக்கூடிய இடத்துக்கும் கொண்டுபோகலாம். 'ஐபி' என்றால் ஜோன் 1 வரைக்கும், அதாவது ஆவி அவ்வப்போது வரக்கூடிய இடம். அடுத்து வருவது வாயுவின் பிரிவு: ஐஐஏ என்பதில் புரோப்பேன் போன்றவை, ஐஐபி என்பதில் எத்திலீன், ஐஐசி என்பதில் ஹைட்ரஜனும் அசிட்டிலீனும். ஐஐசி வாங்கினால் மற்ற இரண்டுக்கும் சேர்த்தே பொருந்தும். கடைசியில் உள்ள 'டி' எண் விளக்கின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பதைச் சொல்கிறது. டி4 என்றால் 135 டிகிரி செல்சியசைத் தாண்டாது, டி6 என்றால் 85 டிகிரி. உங்களிடம் உள்ள டொலுவீனும் அசிட்டோனும் தானாகப் பற்றிக்கொள்ள 400 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே டி4 தாராளம். ஆனால் பக்கத்துக் கிடங்கில் கார்பன் டைசல்பைடு வைத்திருக்கிறார்கள் என்றால் கதை வேறு, அது 100 டிகிரியை ஒட்டியே பற்றிக்கொள்ளும். கிடங்கில் உள்ள ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தாளையும் எடுத்துவைத்துக்கொண்டு இந்தக் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மத்தியான வேலைதான். ஐஇசிஇஎக்ஸ் சான்றிதழ் எண்ணை அவர்களுடைய இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

சரி, 3,000 லூமென் எங்கே போனது? ஆற்றலைக் கட்டுப்படுத்திய விளக்கில் அவ்வளவு வெளிச்சம் வரவே வராது. இந்த வகைக் கை டார்ச்லைட்டுகள் பெரும்பாலும் சில நூறு லூமென்தான். அதனால் ஒருவர் உங்களிடம் 3,000 லூமெனும் ஜோன் 0 சான்றிதழும் ஒரே கைக்கடக்கமான டார்ச்லைட்டில் இருக்கிறது என்றால் சான்றிதழை இரண்டு முறை படியுங்கள்.

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சம். அந்த வெளிச்சம் ஒரு கற்றையாக எவ்வளவு இறுக்கமாகப் போகிறது என்பதைக் கேண்டெலா சொல்லும். நமக்கு முக்கியமானது அதுதான். பெட்டியில் 'ஏன்சி எஃப்எல்1' என்ற, டார்ச்லைட்டுகளுக்கான அமெரிக்கத் தரநிலையின் குறி இருந்தால் அளந்த முறை ஒன்றுபோல இருக்கிறது என்று பொருள், இரண்டு விளக்குகளை நேர்மையாக ஒப்பிடலாம். அந்த முறையில் எத்தனை மீட்டர் போகும் என்பதும் கேண்டெலாவிலிருந்து வருவதுதான்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். ஆனால் அந்தத் தொலைவின் முடிவில் கிடைப்பது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான், அதுவும் தெளிந்த காற்றில். 'எத்தனை மணி நேரம் எரியும்' என்ற எண்ணும் அப்படித்தான், வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் சேர்த்துக் கணக்கிடுவது. 3,000 லூமென் விளக்குகளில் பல, சூட்டைத் தாங்க முடியாமல் சில நிமிடங்களிலேயே தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். விற்பனையாளர் அறையில் காட்டியது அந்த முதல் சில நிமிடத்தை.

வடிவத்துக்கு வருவோம். உங்கள் ஆளுக்கு இரண்டு கையும் தண்ணீர்க் குழாயில் இருக்கும், அல்லது ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டும் இன்னொரு கை முன்னால் இருப்பவரின் தோளிலும் இருக்கும். டார்ச்லைட் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால்தான் தீயணைப்பாளர்கள் தலை வளைந்த டார்ச்லைட்டை வைத்திருக்கிறார்கள், ஆங்கில 'எல்' எழுத்தைத் தலைகீழாக்கியது மாதிரி. மார்புப் பட்டையில் மாட்டினால் உடம்பு திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும். 12 பேருக்கும் ஆளுக்கு ஒன்று இந்த வகையில் வாங்குங்கள். அதோடு கைப்பிடி வைத்த பெரிய பெட்டி விளக்கு இரண்டு, அவை நுழைவாயிலில் வைக்க. உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது வாசல் எந்தப் பக்கம் என்று காட்ட அதைப் போல ஒன்றில்லை.

வாங்கும் முன் ஒரு மாதிரியைக் கொண்டுவரச் சொல்லி, குழுவில் கை பெரியவர் ஒருவருக்குத் தீயணைப்புக் கையுறையை மாட்டி, கண்ணைக் கட்டி, விளக்கைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். ஐந்து முறை. ஒரு முறை தடுமாறினாலும் அந்த டார்ச்லைட் வேண்டாம். ஒரே பொத்தானில் அதிகம், குறைவு, மின்னல் என்று மாறிக்கொண்டே போகும் வகையும் வேண்டாம். புகைக்குள் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தால் கூட இருப்பவருக்குத் தலை சுற்றும், தூரம் தெரியாது. ஒரு தட்டில் எரிய வேண்டும், அடுத்த தட்டில் அணைய வேண்டும், அவ்வளவுதான்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். தீயணைப்புக்கென்று செய்யும் சில விளக்குகளை, தலைக்கவசங்களுக்கான அமெரிக்கத் தரநிலையில் இருப்பது போல 260 டிகிரி அடுப்பில் 5 நிமிடம் வைத்துச் சோதிக்கிறார்கள். உங்கள் குழு தீக்குள் நுழையும் குழுவா, ஆட்களை வெளியேற்றிவிட்டு, அரசின் தீயணைப்பு, மீட்புப் படையான குடிமைத் தற்காப்புப் படை வரும்வரை தீயைக் கட்டுப்படுத்தி நிற்கும் குழுவா என்பதைப் பொறுத்து இதற்குச் செலவு செய்யலாம். தண்ணீருக்கு ஐபி67 இருந்தால் போதும்: தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

விலை ஒன்று நூறு வெள்ளியைத் தாண்டத்தான் செய்யும். மேலாளர் முகம் சுளித்தால் பெட்டி விளக்கில் ஒன்றைக் குறையுங்கள், சான்றிதழில் குறைக்காதீர்கள்.

கேள்வி: மஞ்சள் வெளிச்சம் புகையைத் துளைத்துக்கொண்டு போகும் என்கிறார்களே, உண்மையா? அப்புறம் தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கு நல்லதா, மார்பில் மாட்டுவது நல்லதா? (உட்லண்ட்ஸ்)

பதில்: பல வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்காகப் புகை நிரப்பிய அறைக்குள் நான்கு பேர் போனோம். ஒருவர் தலைக்கவசத்தில் நல்ல பிரகாசமான, அகலமாகப் பரவும் விளக்கு மாட்டியிருந்தார், புதிதாக வாங்கியது. கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டார். "ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளைச் சுவராக இருக்கிறது" என்று மூச்சுக்கருவிக்குள்ளிருந்து கத்துகிறார். எங்களுக்கோ மங்கலாகத் தரையும் மேசைக்காலும் தெரிகிறது. அவரை விளக்கை அணைக்கச் சொன்னோம். அணைத்ததும் எங்கள் வெளிச்சத்திலேயே நடந்து வந்துவிட்டார்.

பனிமூட்டத்தில் காரின் நெடுவிளக்கைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆனது. மலேசிய நெடுஞ்சாலையில் மலைப்பக்கம் விடிகாலையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். புகையில் மிதப்பவை மிக நுண்ணிய துகள்கள், ஒளி பட்டதும் நாலாபக்கமும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, கற்றை எவ்வளவு அகலமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். தலைக்கவச விளக்கு கண்ணுக்கு மேலே நாலு விரல் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, மார்பு விளக்கு ஒரு முழம் கீழே இருக்கிறது. இறுக்கமான கற்றை, தாழ்ந்த இடம், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் புகைக்குள் ஏதாவது தெரியும். புகை மேலேதான் கனமாக நிற்கும், தரையை ஒட்டி ஓரளவு மெலிந்திருக்கும், அதனால் தவழ்ந்து போகும்போது டார்ச்லைட்டைக் கழற்றி முழங்கால் உயரத்தில் தரையோடு அடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. நீலம் கலந்த வெள்ளை, சிறு துகள்களில் பட்டு அதிகம் சிதறும், மஞ்சள் அதைவிடக் குறைவாகச் சிதறும், கண்ணுக்கும் உறுத்தல் குறைவு. ஆனால் மஞ்சள் வெளிச்சம் புகையைத் 'துளைக்கும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும் கரும்புகை வெளிச்சத்தைச் சிதறடிப்பதோடு விழுங்கியும் விடும். அதில் எந்த நிறமும் ஒரு எட்டுத் தூரத்துக்கு மேல் போகாது. புகையைத் தாண்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வெப்பப்படக் கேமரா இருக்கிறது. டார்ச்லைட்டின் வேலை, கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பது, மூச்சுக்கருவியின் அழுத்தமானியைப் படிப்பது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கூட்டாளிக்குக் காட்டுவது. இந்தக் கடைசி வேலைக்காகவே சில விளக்குகளின் பின்பக்கம் சின்னதாக ஒரு நீல அல்லது பச்சை வெளிச்சம் வைத்திருப்பார்கள். பின்னால் தவழ்ந்து வருபவருக்கு அது பெரிய ஆறுதல், அனுபவித்துச் சொல்கிறேன்.

தலைக்கவச விளக்கே கூடாது என்று சொல்லவில்லை. புகை அடங்கிய பிறகு கூரையைப் பிரித்துப் பார்ப்பது, விபத்தில் சிக்கிய வாகனத்தை வெட்டி ஆளை வெளியே எடுப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, இதற்கெல்லாம் அதுதான் வசதி. முடிந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், புகைக்குள் நுழையும்போது மேலே இருப்பதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் கப்பல் பட்டறையில் ஃபயர் வாட்ச்மேன். டேங்குக்குள்ளே வெல்டிங் நடக்கும்போது நிற்க வேண்டும். கொடுத்த டார்ச்லைட் கெட்டுப்போய் இரண்டு வாரம் ஆகிறது, கேட்டால் "போன்ல அடிச்சுக்கோ" என்கிறார் சூப்பர்வைசர். ஊருக்குப் பணம் அனுப்புவதால் நானே வாங்கவும் கையில் இல்லை. என்ன செய்ய?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், மனசு கேட்கவில்லை.

போனை டேங்குக்குள் கொண்டுபோகாதீர்கள். சாதாரண போனில் உள்ள பேட்டரியும் மின்சுற்றும் எரியும் ஆவிக்குப் பக்கத்தில் இருக்கத் தகுதியானவை என்று யாரும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்ததில்லை, நழுவி விழுந்து நசுங்கினால் பேட்டரியே தீப்பிடிக்கும். வெல்டிங் நடக்கும் இடத்தில்தான் ஏற்கெனவே பொறி பறக்கிறதே, இதில் போன் என்ன செய்துவிடும் என்று சூப்பர்வைசர் கேட்கலாம். வேலை தொடங்கும் முன்னால் உள்ளே இறங்கிப் பார்ப்பது யார்? ஓய்வு நேரம் முடிந்து முதலில் உள்ளே தலையை நீட்டுவது யார்? வெல்டிங் முடிந்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும் இடம் உண்டா என்று தேடுவது யார்? நீங்கள்தான். அந்த நேரத்தில் காற்றின் நிலை என்னவென்று வாயு அளக்கும் கருவிக்குத்தான் தெரியும்.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு நின்ற ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட மிக மோசமான தொழிலிட விபத்து அது. இரும்பு வெட்டும் கருவியின் பொறி, எரிபொருள் டேங்கில் இருந்த ஆவியைப் பற்றவைத்தது. டார்ச்லைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் டேங்குக்குள் தேங்கும் ஆவிக்குப் பொறி எதிலிருந்து வந்தது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

சிங்கப்பூரில் அடைபட்ட இடங்களுக்கென்று 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. உள்ளே போகும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும், உயிர்வாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், எரியும் வாயு அதன் கீழ்வெடிப்பு எல்லையில், அதாவது பற்றிக்கொள்ளக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவில், 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நுழைவு பெர்மிட் இல்லாமல் இறங்கக் கூடாது. உங்களிடம் தகுந்த விளக்கு இல்லை என்பதை அந்த பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரியிடம் நேரே சொல்லுங்கள், சூப்பர்வைசரைத் தாண்டிச் சொல்கிறோமே என்று தயங்காதீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு அன்றே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவையுங்கள், தேதியோடு பதிவாகட்டும். அப்படியும் நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம். பாதுகாப்புச் சாதனத்தைத் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு, உங்கள் சம்பளத்தில் வாங்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, அலுமினிய உடம்பு உள்ள டார்ச்லைட்டை யாராவது கொடுத்தால் துருப்பிடித்த இரும்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியம் துருவோடு வேகமாக மோதினால் சூடான பொறி கிளம்பும். டேங்குச் சுவர் முழுக்கத் துருதான். சான்றிதழ் பெற்ற விளக்குகளில் பல கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் டேங்கைவிட்டு வெளியே ஏறி வந்துதான் மாற்ற வேண்டும், எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும் சரி.

கேள்வி: தேசிய சேவைக்குக் குடிமைத் தற்காப்புப் படையில் சேர்ந்திருக்கிறேன், பயிற்சி முடிந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போகப் போகிறேன். சொந்தமாக நல்ல டார்ச்லைட் வாங்கி ஹெல்மெட்டில் மாட்டலாமா?

பதில்: நிலையத்தில் கொடுப்பதை முதலில் நன்றாகப் பழகிக்கொள் தம்பி. உன் தளபதியைக் கேட்காமல் ஹெல்மெட்டில் எதையும் மாட்டவோ ஒட்டவோ துளை போடவோ கூடாது, சூட்டையும் அடியையும் தாங்கும்படி அதைச் சோதித்தபோது உன் விளக்கு அதில் இல்லை. அனுமதித்தால், சட்டைப்பையில் கைவிரல் நீளத்தில் சின்ன டார்ச்லைட் ஒன்று, சான்றிதழ் பெற்றதாகவே, உபரியாக வைத்துக்கொள். பெரியது அணைந்தால் வெளியே வரும் வழியைப் பார்க்க அது போதும்.

கேள்வி: எங்கள் புளோக்கின் குடியிருப்பாளர் குழுவுக்காக ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய எட்டு டார்ச்லைட்டுகளை ஒரு பயிற்சிக்காக எடுத்தோம். மூன்றுதான் எரிந்தன. மற்றதற்குள் பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தரமில்லாததை வாங்கிவிட்டோமா? (அங் மோ கியோ)

பதில்: டார்ச்லைட்டைத் திட்டாதீர்கள், ஐந்து வருடம் பேட்டரியை உள்ளே போட்டு வைத்தால் எந்த உயர்ந்த விளக்கும் அப்படித்தான் ஆகும். எங்கள் குழுவிலும் ஒருமுறை இதுவே நடந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம், அலமாரியிலிருந்து எடுத்த டார்ச்லைட் எரியவில்லை, அடுத்ததும் எரியவில்லை. நல்லவேளை அன்றைக்கு அலாரம் தவறாக அடித்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எல்லா விளக்கையும் எடுத்துப் பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினோம். தட்டிப் பார்த்து எரிந்ததும் வைத்துவிடுவது போதாது, சாகப்போகும் பேட்டரியும் முதல் நிமிடம் எரியும்.

அந்த வெள்ளைப் பூ ஆல்கலைன் பேட்டரிக்குள் இருக்கும் காரம். கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடையுங்கள், அப்புறம் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உலோகப் பட்டை அரித்துப் போகாமல் இருந்தால் டார்ச்லைட் பிழைத்துக்கொள்ளும். திருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள், நன்றாக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்பிரிங் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

புதிதாகப் போடும்போது லித்தியம் ஏஏ பேட்டரி போடுங்கள், ஒருமுறை பயன்படுத்தும் வகை. விலை கூடுதல்தான், ஆனால் ஒழுகுவது மிகவும் அரிது, இருப்பில் பல வருடம் தாங்கும். புதுசையும் பழசையும் கலக்காதீர்கள், ஒன்று தீர்ந்து மற்றது அதைத் தள்ளும்போதுதான் ஒழுகல் தொடங்கும். போட்ட தேதியைச் சின்ன டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சான்றிதழ் பெற்ற டார்ச்லைட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதன் உடம்பில் எந்தப் பேட்டரி, எந்தப் பிராண்டு என்று எழுதியிருக்கிறதோ அதையே போட வேண்டும். வேறு போட்டால், விளக்கு எரியும், சான்றிதழ் செல்லாது.

மின்னேற்றும் வகை வாங்குவதானால் 18650 என்ற நீள உருளைப் பேட்டரிகளில் கவனம். 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டு மலிவாக விற்கிறார்கள். அந்த அளவுள்ள பேட்டரியில் 4,000ஐத் தாண்டுவதே அரிது, ஆக அது பச்சைப் பொய். எண்ணில் பொய் சொல்பவர் உள்ளே பாதுகாப்புச் சுற்றை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று எப்படி நம்புவது? தீயணைக்க வாங்கிய சாமானே தீக்குக் காரணமாகக் கூடாது.

பழைய பேட்டரிகளைக் குப்பைக் குழாயில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள், பல கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கிறது.

கேள்வி: பிடோக்கில் ஒன்பதாவது மாடியில் நானும் என் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 78 வயது. தீயணைப்பு எல்லாம் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு எந்த டார்ச்லைட் வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள், அவரால் கண்ணாடி போடாமல் இருட்டில் போட முடிகிற டார்ச்லைட் எதுவோ அதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது. பொத்தான் பெரிதாக, லேசாக அழுத்தினால் எரிவதாக இருக்கட்டும். 100, 200 லூமெனே தாராளம். இரண்டு வாங்குங்கள், ஒன்று அம்மாவின் கட்டிலோரம், இன்னொன்று வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில், சாவியோடு. குடிமைத் தற்காப்புப் படை தயார் நிலைப் பை வைத்துக்கொள்ளச் சொல்கிறதல்லவா, அதில் டார்ச்லைட்டும் பேட்டரியும் உண்டு. ஆனால் அந்தப் பையை வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு இதுவும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போனால் மெழுகுவத்தி ஏற்றவும் வேண்டாம்.

1972இல் ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் கடைத்தொகுதி எரிந்து 9 பேர் இறந்தார்கள், மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்களும் அதில் உண்டு. தீ என்றால் மின்தூக்கி வேண்டாம், படிதான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மாடி இறங்கும்போது டார்ச்லைட் உங்கள் கையில், வெளிச்சம் அவருடைய கால் வைக்கும் படியில். கதவை மூடிவிட்டு இறங்குங்கள், 995ஐ அழையுங்கள்.

வெளியே வர முடியாதபடி புகை நடைபாதையை அடைத்திருந்தால், சாலையைப் பார்த்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, சன்னலில் நின்று டார்ச்லைட்டைக் கீழே இருப்பவர்களைப் பார்த்து ஆட்டுங்கள். ராத்திரியில் குரல் கேட்காத உயரத்திலிருந்தும் ஆடும் வெளிச்சம் தெரியும். தொலைபேசியில் மாடி எண்ணையும் எந்த சன்னல் என்பதையும் சொல்லிவிட்டு, உதவி வந்து சேரும்வரை அந்த வெளிச்சத்தை அணைக்காமல் வைத்திருங்கள்.